வெள்ள அபாய வரைபடத்தில் நம் தெரு: எப்போது கிளம்புவது, எந்த வழியில்?

ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து சில தெருக்கள் தள்ளிக் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "வார்டு கூட்டத்தில் வெள்ள அபாய வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். எங்கள் தெரு பாதி மஞ்சள், பாதி ஆரஞ்சு. மஞ்சளில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாமா? எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது இதில் எங்கே இருக்கிறது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது வரைபடத்தில் இருக்காது. தண்ணீர் எதுவரை வரலாம், எவ்வளவு ஆழம் நிற்கலாம் என்பதோடு வரைபடத்தின் வேலை முடிந்துவிடுகிறது. எந்த அறிகுறியைப் பார்த்ததும், யார், எந்த வழியாக, எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் தெருக்காரர்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். அப்படி எழுதாத வரை, எவ்வளவு நுணுக்கமாகப் போட்ட வரைபடமாக இருந்தாலும் மழை நாளில் அது உங்களுக்கு உதவாது.

சரி, நிறத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் பேரிடர் திட்டங்களில் தாழ்வான பகுதிகளைத் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து நான்காகப் பிரிப்பது வழக்கம். 5 அடிக்கு மேல் என்றால் மிக அதிக பாதிப்பு, 3 முதல் 5 அடி அதிக பாதிப்பு, 2 முதல் 3 அடி மிதமான பாதிப்பு, 2 அடிக்குக் கீழே குறைந்த பாதிப்பு. உங்கள் வரைபடத்தில் எந்த நிறம் எந்த உயரத்தைக் குறிக்கிறது என்று ஓரத்தில் உள்ள விளக்கப் பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மஞ்சள் ஒரு வரைபடத்தில் 1 அடி, இன்னொன்றில் 3 அடி. 2 அடித் தண்ணீர் கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த அளவில் சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிடும், ஸ்கூட்டர் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும், மின்சாரத்தை நிறுத்த வேண்டி வரும், சக்கர நாற்காலியில் இருப்பவரை வெளியே கொண்டுவர நாலு பேர் வேண்டும். தண்ணீர் ஓடவும் செய்தால் 1 அடியே சின்ன காரைத் தூக்கிவிடும். அதனால் மஞ்சளில் இருப்பவர்களும் தயாராக வேண்டியவர்கள்தான். அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

விளக்கப் பெட்டியில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்த வெள்ளத்துக்கான வரைபடம் அது? 25 ஆண்டு, 50 ஆண்டு, 100 ஆண்டு வெள்ளம் என்று போட்டிருப்பார்கள். 100 ஆண்டு வெள்ளம் என்றால் 2015-ல் வந்துவிட்டது, இனி 2115-ல்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. அதன் கணக்கு வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். போன வருடம் வந்தது என்பதால் இந்த வருட வாய்ப்பு குறையாது. 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டும் காலத்துக்குள் அது ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு. 25 ஆண்டு வெள்ளமாக இருந்தால் அதே 30 ஆண்டில் 70 சதவீதத்துக்கும் மேல்.

அப்புறம், சென்னையில் எல்லோரும் தாண்டிப்போய்விடும் கேள்வி ஒன்று: உங்கள் தெருவுக்கு வருவது எந்தத் தண்ணீர்? மழை என்றதும் செம்பரம்பாக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட 29,000 கன அடி, அதாவது நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கும் மேல், ஊர் முழுக்க மனதில் பதிந்துபோனதுதான் காரணம். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம்காரர்கள் அதைக் கவனிப்பது நியாயம். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் நிலைமை வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் புகுவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) தாண்டி வரும் தண்ணீர். ஏரி திறக்கவில்லையே என்று முடிச்சூர்க்காரர் நிம்மதியாகத் தூங்கினால், விடியும்போது கட்டில் மிதக்கும்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்திருந்தது. ஏரியைத் திறக்காமலே இருந்திருந்தாலும் அடையாறு அன்று கரைபுரண்டுதான் ஓடியிருக்கும். எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு வேகமாக என்பதில்தான் திறப்பின் பங்கு. அதனால் செய்தியில் "3,000 கன அடி திறப்பு" என்று வந்ததும் பதற வேண்டாம். அதே நேரத்தில் தாம்பரம், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எவ்வளவு மழை பெய்கிறது என்று பாருங்கள். இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் போனால் கதை இன்னும் வேறு. அங்கே ஆறு இல்லை. தென்சென்னை ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குள் வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். நிலம் கிட்டத்தட்ட மட்டம், கடைசியில் கடல். கடல் பொங்கி நிற்கும் நாளில் தண்ணீர் எங்கேயும் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதுதான் நடந்தது. மழை விட்ட பிறகும் பல நாள் தண்ணீர் வடியவில்லை. தி.நகர், மாம்பலம் போன்ற இடங்களில் ஆறும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். இரண்டு மணி நேரக் கொட்டும் மழையை வடிகால் வாங்க முடியாமல் போனால் போதும், 2021 நவம்பரில் பார்த்தது போல.

எந்தத் தண்ணீர் என்று தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று தெரியும். ஏரித் திறப்பு என்றால் அறிவிப்புக்கும் உங்கள் தெருவுக்கும் இடையே சில மணி நேரம் கிடைக்கும். தெருமழை என்றால் எதுவும் கிடைக்காது. சதுப்புநிலப் பக்கம் என்றால் தண்ணீர் மெதுவாக ஏறும், ஆனால் நாள்கணக்கில் நிற்கும். ஒரே ஆரஞ்சு நிறத்துக்குள் இந்த மூன்றும் ஒளிந்திருக்கலாம்.

வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் நில உயரத் தரவுகளில் பிழையே சில மீட்டர் வரும். அதை வைத்துப் போட்ட வரைபடம் மலைப்பகுதிக்குச் சரியாக இருக்கலாம், நம் ஊருக்குச் சரிப்படாது. விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த நில உயரத்தை அடிப்படையாக வைத்ததா என்று கேளுங்கள். எந்த ஆண்டு போட்டது என்றும் கேளுங்கள். நம் ஊரில் தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் எத்தனையோ வீடுகளின் வாசல் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. புதிய மழைநீர் வடிகால்கள் வந்திருக்கின்றன. அவை மழைத் தண்ணீரை வேகமாக வடிக்கும், உண்மைதான். ஆனால் ஆற்றின் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், அதே வடிகால் வழியாக ஆறு தெருவுக்குள் வரும். வரைபடம் போட்டதற்குப் பிறகு நடந்த இந்த மாற்றங்கள் எதுவும் அதில் இருக்காது. வெள்ளத்துக்குப் பிறகு வரும் செயற்கைக்கோள் படங்களிலும் நெருக்கமாகக் கட்டடம் உள்ள தெருக்களில் நின்ற தண்ணீர் பெரும்பாலும் தெரிவதில்லை. அதில் உங்கள் தெரு நீலமாக இல்லை என்பதால் அங்கே தண்ணீர் நிற்கவில்லை என்று அர்த்தமில்லை.

அதனால்தான் தெருவில் இறங்கி அளப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒன்று, பெயின்ட், பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். முதலில் 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பெயின்ட் அடிக்காத பின்பக்கச் சுவரில், மாடிப்படிக்கு அடியில், பழைய மர பீரோவின் பின்புறத்தில் பழுப்புக் கோடு இன்னும் இருக்கும். தரைத்தளத்தில் அன்று குடியிருந்த பாட்டியைக் கேட்டால் "பூஜை அலமாரி ரெண்டாவது தட்டு" என்று கையை வைத்துக் காட்டுவார். இரண்டு மூன்று வீட்டில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் டியூபின் ஒரு முனையின் நீர்மட்டத்தை வைத்து, மறு முனையை அடுத்த வீட்டு கேட் தூணில் பிடித்தால் அங்கே எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். இப்படியே தூணுக்குத் தூண் போகலாம். ஆற்று வெள்ளத்தின் மேல்மட்டம் ஆறு ஓடும் திசையில் லேசாகச் சரியும்தான், ஆனால் ஒரு தெரு நீளத்துக்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஒவ்வொரு கேட் தூணிலும் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். தெருவோர மின் இணைப்புப் பெட்டியான பில்லர் பாக்ஸிலும் அந்த மட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள், ஆனால் அதைத் தொடாமல் பக்கத்துச் சுவரில் குறியுங்கள். இந்தக் கோடுகளைப் பார்த்ததும் தெருவில் பேச்சே மாறிவிடும். "நம்ம ஏரியா மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தன் மகளின் தலைக்கு மேலே கோடு போவதைப் பார்த்ததும் வேறு கேள்வி கேட்க ஆரம்பிப்பார். ஒரே தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 2 அடி வித்தியாசம் வருவதும் அப்போதுதான் தெரியும். எந்த வீட்டு மாடியில் யாரைத் தங்க வைக்கலாம் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

இனி, எப்போது கிளம்புவது. மூன்று கட்டமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

முதல் கட்டம், சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏதாவது ஒன்றுக்கு வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்ததும். ஆரஞ்சு என்பது பொதுவாக 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மழையை எதிர்பார்க்கும் நிலை, சிவப்பு அதற்கும் மேல். அன்றே வண்டிகளை மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அது பட்டு அறிந்தவர்களின் புத்திசாலித்தனம். ஆனால் கார் போன அளவுக்கு அம்மாவும் அப்பாவும் போனார்களா என்பதுதான் என் கவலை. டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர் எல்லோரும் இந்த முதல் கட்டத்திலேயே உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்குப் பக்கத்திலோ போய்விட வேண்டும். தெரு காய்ந்திருக்கும்போது ஆட்டோ வரும், முழங்கால் தண்ணீரில் வராது.

இரண்டாம் கட்டம், செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம். அதன் முழு உயரம் 24 அடி. சமீப ஆண்டுகளில் 22 அடியை நெருங்கும்போதே உபரிநீரைத் திறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். திறப்பு அறிவிப்பும் மேற்கே கனமழையும் சேர்ந்தால், தரைத்தளத்தில் இருப்பவர்களும் தகரக் கூரை வீடுகளில் இருப்பவர்களும் கிளம்பும் நேரம் அது. பொழுது சாயும் முன் முடித்துவிட வேண்டும். 2015-ல் அடையாறு பல தெருக்களுக்குள் இரவில்தான் புகுந்தது. மின்சாரம் இல்லாத இருட்டில், திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடைக் குழி எது, தெரு எது என்று கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் 4 மணிக்கு நிலவரத்தைப் பார்த்து முடிவெடுப்பது என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் கிளம்புவது என்பதும் அந்த விதியில் இருக்கட்டும்.

மூன்றாம் கட்டம் உங்கள் தெருவிலேயே தெரிவது. தெருமுனை வடிகாலில் தண்ணீர் ஆற்றுப் பக்கம் போகாமல் திரும்பி வந்தால், அதற்கு மேல் யாரும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. மழையே இல்லாத நேரத்தில்கூட இது நடக்கலாம். தெருமுனை வீட்டில் யாராவது ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். செல்போன் சிக்னல் இருக்கும் என்று நம்பாதீர்கள், வெள்ளத்தில் அதுவும் போகும். கதவைத் தட்டுவது யார், எந்தெந்தக் கதவு என்று முன்பே பேசிவையுங்கள். கோயில் மணியோ விசிலோ ஒலித்தால் இதுதான் அர்த்தம் என்று சிறுபிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

போகும் வழியைப் பற்றி எனக்கு ஒரே பிடிவாதம்: ஆற்றைக் கடக்காத வழியாக இருக்க வேண்டும், சுரங்கப்பாதை இல்லாத வழியாக இருக்க வேண்டும். 2015-ல் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தையே மூட வேண்டி வந்தது. துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகள் சாதாரணக் கனமழைக்கே நிரம்புகின்றன. வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து நிவாரண முகாம் வரை விரலை வைத்துப் போய்ப் பாருங்கள். நடுவில் எங்காவது நிறம் அடர்த்தியானால் அந்த வழி வேண்டாம், சுற்றுவழியாக இருந்தாலும் வேறு பாருங்கள். மாநகராட்சி முகாமாக அறிவிக்கும் பள்ளியும் சமுதாயக்கூடமும் எந்த நிறத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். அதுவே தாழ்வில் இருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறை 1913, மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த எண்களை போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதிவையுங்கள்.

மாடிக்குப் போனால் போதாதா என்பீர்கள். கான்கிரீட் வீடு, ஆற்றோட்டம் நேராக மோதாத தெரு, மாடியில் எல்லோருக்கும் இடம் என்றால் போதும். ஆனால் எத்தனை நாளுக்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிக்ஜாமின்போது மாடியில் பத்திரமாக இருந்தவர்கள் மின்சாரமும் குடிநீரும் பாலும் இல்லாமல் தவித்தார்கள். குறைந்தது 3 நாளுக்கான குடிநீர், மருந்து, குழந்தைக்கு வேண்டியது, சமைக்காமல் சாப்பிடக்கூடியது எல்லாம் மேலே ஏறியிருக்க வேண்டும். மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியவர்களுக்கு மாடி சரியான முடிவே அல்ல.

வரைபடம் சரியாக இருந்தும் உயிர்கள் போன ஓர் இடத்தை இங்கே சொல்ல வேண்டும். ஜப்பானில் குராஷிகி நகரத்தின் மாபி பகுதி. 2018 ஜூலையில் கரை உடைந்து அங்கே வெள்ளம் வந்தபோது மூழ்கிய பரப்பு, ஏற்கெனவே வெளியிட்டிருந்த அபாய வரைபடத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. இருந்தும் மாபியில் 51 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். பலர் சொந்த வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். எவ்வளவு துல்லியமான வரைபடமும், படியேற முடியாத ஒருவரை எழுப்பிக் கைப்பிடித்து அழைத்துப் போகாது. ஜப்பானில் இப்போது ஒவ்வொரு குடும்பமும் எந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று தனக்கென ஒரு நேர அட்டவணை எழுதிவைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்கிறார்கள். நான் மேலே சொன்ன மூன்று கட்டமும் அந்த வகைதான்.

வரைபடத்தை வெளியே காட்டினால் வீட்டு விலை குறையும் என்று உங்கள் சங்கத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆற்றங்கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் அங்கேயும் தண்ணீரில் நின்றன. வரைபடத்தை முன்னால் வைத்துக் கேள்வி கேட்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. உங்கள் தெரு வரைபடத்தை ரேஷன் கடைச் சுவரிலும் சங்க அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஏரியா சபைக் கூட்டத்தில் பிரதியைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

ஒட்டியதோடு விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் பக்கத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களில் பாதிப் பேராவது வாடகைக்காரர்களாக இருப்பார்கள், அவர்களில் பலர் 2015-க்குப் பிறகு வந்தவர்கள். கட்டட வேலை நடக்கும் மனையில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு புரியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் செப்டம்பரிலேயே இவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட் தூணில் போட்ட கோட்டைக் காட்டி, எந்த வீட்டு மாடி, எந்த வழி, யார் வந்து கதவைத் தட்டுவார் என்று நேரில் நடத்திக் காட்டிவிடுங்கள்.